விக்கலுக்குப் பெயர் சொன்ன நாள்

எங்கள் வீட்டில் விக்கலுக்குத் தண்ணீர் கொடுப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை பெயர் சொல்வது. ஒருவருக்கு விக்கல் எடுத்தால் யாரோ அவரை நினைக்கிறார்கள். அது யார் என்று சரியாகச் சொல்லிவிட்டால் விக்கல் நின்றுவிடும். வையம்பட்டிப் பக்கம் நான் பிறந்த வீட்டிலும் இப்படித்தான், ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் இப்படித்தான். யாரும் இதை முழுசாக நம்புவதில்லை. ஆனால் விக்கல் சத்தம் கேட்டதும் வாய் தானாகப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிடும். அந்தப் புரட்டாசியில் என் கணவருக்கு விக்கல் வந்தபோதும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம்.

அதற்கு முன்னால் பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அந்தப் பழத்தின் வேலை.

என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அது தெரியவந்த விதமே கொடுமை. அவருடைய அக்காவுக்குக் கிட்னி செயலிழந்து டயாலிசிஸில் இருந்தபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று இவர் கிளம்பினார். கொடுக்கலாமா என்று பரிசோதித்துப் பார்த்தபோதுதான் இவருடையதும் அதே வழியில் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். பிறகு நான்தான் போய்ச் சொன்னேன். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன நல்லாப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அந்தப் புரட்டாசிக்கு முந்தின வருஷம் அண்ணி போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறி, இவரை டயாலிசிஸ் மிஷின் பக்கம் போகவிடாமல் காப்பாற்றுவது. காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பேன். தண்ணீர்கூட அளந்துதான். இளநீர் கிடையாது. தொட்டியத்திலிருந்து தார் தாராக வாழைப்பழம் வந்து இறங்குகிற ஊரில் அவருக்கு வாழைப்பழம் கிடையாது. ஊறுகாய் பாட்டிலைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று அவர் சொல்வார். இந்த மனிதரோடு குப்பை கொட்டுகிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் எப்படி?

காலையில் அவர் அம்மா மண்டபம் சாலையில் நடக்கப் போவார். அங்கே ஒரு மூலிகை ஜூஸ் வண்டி நிற்கும். அருகம்புல், நெல்லிக்காய், வாழைத்தண்டு என்று எவர்சில்வர் டிரம்களில் வைத்திருப்பார்கள். நடக்க வருகிறவர்கள் எல்லாம் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, பாதி வியாதி போய்விட்ட முகத்தோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். அங்கேதான் இவருக்கு ஸ்டார் ஃப்ரூட் அறிமுகமானது. ஐந்து விளிம்பு வைத்த மஞ்சள் பழம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். வண்டிக்காரர் சொன்னது இவர் காதில் இரண்டே வார்த்தையாக விழுந்தது. கிட்னிக்கு நல்லது.

பிற்பாடு நான் அந்த வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பயந்துபோய், "கல்லுக்குன்னுதாம்மா சொன்னேன். கல்லு இருக்கிறவங்களுக்கு நீர் நல்லாப் பிரியும்னு எனக்கும் ஒருத்தர் சொன்னதுதான். சாருக்குக் கிட்னியே சரியில்லன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். அதற்குமேல் திட்டாமல் திரும்பி வந்தேன். நம் ஊரில் கல் இருந்தாலும் கிட்னிதான், நீர் எரிந்தாலும் கிட்னிதான், சிறுநீரகம் செத்துக்கொண்டிருந்தாலும் கிட்னிதான். ஒரே வார்த்தையைப் போட்டு எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறோம். நீர் பிரிவதற்கு, மூலத்துக்கு, காய்ச்சல் தாகத்துக்கு என்று அந்தப் பழத்துக்கு ஏகப்பட்ட பெருமை சொல்கிறார்கள். எவ்வளவு நிஜமோ தெரியாது. நல்ல உடம்புக்காரர்கள் அளவாகத் தின்றால் கெடுதல் இல்லை. நானே ஒரு துண்டை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் சில நாள் ஜூஸாகக் குடித்தார். பிறகு பழமாகவே ஒரு பை நிறைய வாங்கிவந்து தானே நறுக்கித் தின்ன ஆரம்பித்தார். டாக்டர் கூடாது என்று சொன்ன பழங்களில் இந்தப் பழத்தின் பேச்சு வரவே இல்லை. புளிப்பான பழம், இனிப்புகூட இல்லை, போகட்டும் என்று விட்டேன். அவர் முகம் தெளிந்த மாதிரியும் இருந்தது. ஏதோ ஒன்று தன் கையில் இருக்கிறது என்ற தெம்பு போல.

விக்கல் காலை இட்லியின்போது வந்தது. மாளய பட்ச நாட்கள். ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் தெருமுனை வரை நின்றிருந்தது. நான் சட்னியை ஊற்றிக்கொண்டே, "மஸ்கட்ல உங்க பையன் நினைக்கிறான்" என்றேன். விக்கல் நிற்கவில்லை. மகள் பெயரைச் சொன்னேன், நிற்கவில்லை. அவருடைய பழைய மேலதிகாரி, மணப்பாறைச் சித்தப்பா, எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவருக்குப் பேசி முறிந்துபோன பெண் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசிப் பெயருக்கு அவர் சிரித்தார், ஆனால் விக்கல் சிரிப்பின் நடுவிலும் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். சர்க்கரை கொடுத்தேன். மூச்சை அடக்கச் சொன்னேன். எதற்கும் அது மசியவில்லை.

பத்து மணி வாக்கில் எனக்கு விளையாட்டுத் தீர்ந்துவிட்டது. அவர் உடம்பே ஒவ்வொரு விக்கலுக்கும் குலுங்கியது. ஒரு தடவை வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்காமல் பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒரு பேர விட்டுட்ட" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். செத்தவர்கள் பெயரை விக்கலுக்குச் சொல்லக்கூடாது. யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போவார்கள். செத்தவர்கள் நினைத்தால் எதற்காக நினைக்கிறார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது.

அடுக்களையில் நான் குழாயைத் திறந்தபோது அவர் கூடத்தில் அக்காவின் பெயரைச் சொன்னது கேட்டது. சத்தமாக இல்லை, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. விக்கல் நின்றது.

குழாயை மூடினேன். வீடு முழுக்க அப்படி ஒரு அமைதி. காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போயிருந்த காது அடுத்த விக்கலுக்காகக் காத்திருந்தது. வரவில்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. கூடத்துக்கு வந்து பார்த்தால் அவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார்.

"பாத்தியா?" என்றார்.

கொஞ்ச நேரத்தில் விக்கல் திரும்ப வந்தது. அவர் பெயரைச் சொன்னார், நின்றது. மறுபடி வந்தது, மறுபடி சொன்னார். அது விட்டுவிட்டு வருகிற விக்கல், எதைச் சொல்லியிருந்தாலும் நடுவில் நின்றிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்று அதை எனக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. அவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். போகப்போகப் பதில் கேட்டுவிட்டுப் பேசுகிற மாதிரி நடுவில் இடைவெளி விட்டார். "ம்", "சரி", "அதெல்லாம் இல்லக்கா" என்றார்.

பால்கனிக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். டயாலிசிஸ் முடிந்து போகிற வழியில் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தால் காற்றுக்காக அதில்தான் உட்காருவார். அண்ணிக்குத் தண்ணீர் அளவு. ஒரு வேளைக்கு அரை டம்ளர்தான். அதை வாயில் வைத்து வைத்து, விழுங்க மனசில்லாமல் வைத்திருப்பார். நாங்கள் யாராவது மடமடவென்று தண்ணீர் குடித்தால் அந்தத் தொண்டையையே பார்ப்பார். அதனால் அவர் இருக்கும்போது நாங்கள் அடுக்களைக்குள் போய்க் குடிப்போம்.

"அக்காவுக்குத் தண்ணி கொண்டா" என்றார் அவர், நாற்காலியைக் காட்டி.

"என்னங்க இது, விளையாடாதீங்க."

"நெறையக் கொண்டா. இப்ப அவளுக்கு அளவு கிடையாதாம்."

நான் பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை. கொள்ளிடக்கரை மயானத்தைத் தாண்டித் தனியாக வந்திருக்கிறேன். ஆனால் பட்டப்பகலில், வெயில் விழுகிற ஒரு நாற்காலிக்குப் பயந்தேன். அவர் குடிக்கிற தண்ணீரை நான் அளந்து கொடுக்கிற வீட்டில், அளவே இல்லாத இடம் ஒன்று இருப்பதாக அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவர் அங்கே போக ஆசைப்பட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

என்னை அறியாமல் அந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணி, இவர எனக்கு விட்டுக் குடுத்துடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் காலி நாற்காலியிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. அவர் பின்னாலிருந்து, "அவகிட்ட ஏன் அழுவுற?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வாசலில் மணி அடித்தது. மாடி வீட்டு மாமி. கோயில் கைங்கர்யக் குடும்பம், ஆசாரத்தில் ஒரு நூல் பிசகமாட்டார். "காலம்பறலேர்ந்து விக்கல் சத்தம் மாடி வரைக்கும் கேக்கறதே" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாளய பட்சம், பித்ருக்கள் வருகிற நாட்கள், ஏதாவது பரிகாரம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாமி எதிலும் நிலைக்காமல் அலைந்த என் கணவரின் கண்களைப் பார்த்தார்.

"பித்ருக்கள் வரட்டும், இருக்கட்டும், பெருமாள் பாத்துப்பார். நீ ஒடனே ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போ. மனுஷாளுக்குக் கண்ணு இப்படி இருக்கப்படாதும்மா."

எனக்கு அறைந்தது போல இருந்தது. காலையிலிருந்து பெயர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். தெருமுனைக் கார் டிரைவருக்கு போன் செய்தேன், உடனே வந்துவிட்டார். ஆனால் இவர் எழுந்திருக்க மறுத்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. பேச்சு குழறியது.

"ஆஸ்பத்திரிக்கா? அக்கா வரமாட்டா. அவ அங்க ரொம்பப் பட்டுட்டா. அவள விட்டுட்டு நான் வரல."

கெஞ்சினேன். கத்தினேன். பிள்ளைகள் மேல் சத்தியம் வைத்தேன். எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை. விக்கல் வந்துகொண்டிருந்தது, பெயரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இனி நேரமில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்போது வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அண்ணி கார்ல ஏறிட்டாங்க. உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாங்க."

அவர் பால்கனிக் கதவோர நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்க. வாங்க, வெயில்ல ரொம்ப நேரம் உக்கார வைக்கக்கூடாது."

எழுந்துவிட்டார். நானும் மாமியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டோம். காரின் பின்கதவைத் திறந்ததும் அவர் குனிந்து உள்ளே பார்த்துத் தயங்கினார். அவர் நம்ப வேண்டும் என்பதற்காக நான் உள்ளே பார்த்து, "அண்ணி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்குங்க" என்றேன். அவர் ஏறி இந்த ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. முன் இருக்கையில் ஏறிப் பின்பக்கம் திரும்பி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

மாம்பழச்சாலை தாண்டிப் பாலம் ஏறினோம். காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் அந்தக் காலி இடத்துக்குத் தண்ணீரைக் காட்டி ஏதோ சொன்னார். டிரைவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"அம்மா, பின்னாடி ரெண்டு பேரா ஏறுனாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. கை கால் விறைத்து, வாய் கோணி, நான் முப்பது வருஷமாகப் பார்த்த முகம் அது இல்லை. உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த ஆள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை, அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.

ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். "என்னம்மா சாப்பிட்டார்?"

"ரெண்டு இட்லி."

"வேற?"

"வேற ஒண்ணுமே சாப்பிடலைங்க."

"நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் ஏதாவது?"

"அதையெல்லாம் நான் வீட்டுக்குள்ளயே விடமாட்டேன் டாக்டர்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

நான் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டாரா என்றால் நமக்கு இட்லி, சோறு. மருந்து என்றால் மாத்திரை, கஷாயம். பழம் இரண்டிலும் சேராது. அது சும்மா வாயில் போட்டுக்கொள்வது. அந்தச் சும்மாவுக்குள் அவர் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அந்த டாக்டர் விடவில்லை. விக்கல் எப்போது ஆரம்பித்தது, இடைவிடாமலா, அதற்கு முன்னால் பழம், ஜூஸ் என்று ஏதாவது, என்று நோண்டினார். நான் ஸ்டார் ஃப்ரூட் என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"எத்தன நாளா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே திரும்பி, "உடனே டயாலிசிஸ்" என்றார்.

அந்தப் பழத்தில் ஒரு நஞ்சு இருக்கிறதாம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் தங்கி மூளைக்கு ஏறும். முதலில் விக்கல், பிறகு வாந்தி, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, பிறகு வலிப்பு. பாதிப் பேர் விக்கல் வந்ததுமே ஆஸ்பத்திரிக்கு வராமல் வீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள் என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். நாங்கள் தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை, பெயரும் சொன்னோம் என்று அவரிடம் சொல்லவில்லை.

எந்த மிஷின் பக்கம் போகவிடக்கூடாது என்று நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சமைத்தேனோ, அதே மிஷின்தான் அவரைத் திருப்பிக் கொடுத்தது. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே விக்கல் நின்றது. இந்த முறை யாரும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் அவர் என்னை அடையாளம் தெரிந்து பார்த்தார். "பசிக்குது" என்றார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். கொஞ்சம் தெளிந்த பிறகு நடந்ததைச் சொன்னேன். பழத்தைப் பற்றி, நஞ்சைப் பற்றி, இனிமேல் வாரம் தவறாமல் டயாலிசிஸுக்கு வரவேண்டியிருக்கும் என்பதைப் பற்றி. கடைசியாகச் சொன்னதற்கு அதிர்ந்துபோவார் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அப்ப விக்கல் அந்தப் பழத்தாலதானா?"

"ஆமாங்க."

"அக்கா என்னய நினைக்கலையா?"

இதைக் கேட்டுவிட்டு அவர் சின்னப் பிள்ளை போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையணை நனைந்தது. அவர் அன்று முழுக்கப் பயந்துபோயிருந்தார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பயப்படவே இல்லை. கிட்னி கொடுக்க முடியாமல் போன தம்பியை அக்கா கோபமில்லாமல் நினைக்கிறாள் என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார். அதை நான் பிடுங்கிவிட்டேன். எனக்குத் தாங்கவில்லை.

"நினைக்காம எப்படி? உங்ககூடவே கார்ல வந்தாங்களே. நான்தான ஏத்திக்கிட்டு வந்தேன்" என்றேன்.

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். கண் தெளிவாக இருந்தது, பேச்சில் குழறல் இல்லை.

"ஏத்திக்கிட்டு வந்தியே, எங்க இறக்கிவிட்ட?"

நான் யோசித்துப் பார்த்தேன். கதவைத் திறந்து அண்ணியை நகர்ந்து உட்காரச் சொன்னது நினைவிருக்கிறது. வாசலில் இவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது. இறங்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.